பழைய பைக்கில் ஒளிந்திருக்கும் ஒட்டுவேலைகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

நான் முதன்முதலில் வாங்கிய பழைய வண்டி, பி.ஒய். 01 எண் போட்ட ஒரு 100 சிசி பைக். வில்லியனூரில் ஒரு வீட்டு வாசலில் வைத்து விற்றார்கள். நன்றாகத் துடைத்து மெழுகு போட்டிருந்ததில் டேங்கில் முகம் பார்க்கலாம். "ஆயில் மட்டும் மாத்திக்குங்க தம்பி, வேற ஒரு வேலையும் இல்ல" என்றார் விற்றவர். கடலூர் மஞ்சக்குப்பம் வரை ஓட்டி வந்தேன், ஒரு குறையும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் சொன்ன அந்த ஒரே வேலையைச் செய்யலாம் என்று கீழே படுத்து, பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். திரும்பவில்லை. சுரண்டினால் சுற்றிலும் எம்சீல், அதன்மேல் சில்வர் பெயின்ட். உடைத்து எடுத்தபோது போல்ட்டில் டெஃப்ளான் டேப் சுற்றியிருந்தது, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவதுபோல. கேஸிங்குக்குள் விரல் விட்டுப் பார்த்தேன், மரையே இல்லை. பக்கத்தில் நின்று பார்த்த என் அக்கா, "மரை கழண்டது வண்டிக்கு மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தேய்மானம் எல்லாப் பழைய வண்டியிலும் உண்டு. டயர் தேய்ந்திருந்தால் தெரியும், செயின் தொங்கினால் தெரியும், விலை பேசும்போது கழித்துக்கொள்ளலாம். ஒட்டுவேலைக்கு அப்படிக் கணக்குப் போட முடியாது. அடியில் என்ன இருக்கிறது என்பது பிரித்த பிறகுதான் தெரியும், பிரிப்பதற்குள் பணம் கைமாறியிருக்கும். அதனால் புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, வண்டியைப் பார்ப்பதற்கு முன் வண்டியில் கை வைத்தவரைப் பாருங்கள் என்பதுதான். அவர் ஆளாக அங்கே நிற்க வேண்டியதில்லை. போல்ட்டிலும் ஒயரிலும் பசையிலும் அவர் கைத்தடம் இருக்கும்.

போகும் நேரமும் கையில் எடுத்துப்போக வேண்டியதும்

காலையில் போங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாப் பெயின்ட்டும் ஒரே நிறம்தான். வருவதைச் சொல்லும்போதே, "நான் வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் முதல் வேலை, இன்ஜினில் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் யாரோ உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து சமாதானப்படுத்தி வைத்திருக்கிறார்கள். காலையில் முதல் உதையில் கிளம்பாத வண்டி, சூடான பிறகு நல்ல பிள்ளையாகக் கிளம்பும்.

ஒரு சின்ன டார்ச், ஒரு வெள்ளைத் துணி, நாலைந்து மீட்டர் நூல், முடிந்தால் ஒரு மல்டிமீட்டர். இது போதும். ஸ்பேனர் செட்டோடு போனால் விற்பவர் முறைப்பார், எடுத்துப் போனாலும் கழற்ற விடமாட்டார்.

முதலில் போல்ட் தலைகள்

டேங்க்கையும் பெயின்ட்டையும் விட்டுவிடுங்கள். வண்டியின் இடப்பக்கம் உட்கார்ந்து இன்ஜின் மூடியைச் சுற்றியிருக்கும் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு வலப்பக்கம். இதற்கே பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

கம்பெனியிலிருந்து வந்த ஸ்க்ரூக்கள் ஒரே இனமாக இருக்கும். நடுவில் ஒன்று மட்டும் ஆலன் போல்ட்டாகவும், இன்னொன்று சைக்கிள் கடை போல்ட்டாகவும் இருந்தால் அந்த இடத்தில் யாரோ திண்டாடியிருக்கிறார்கள். ஸ்டார் தலை சிதைந்து கிண்ணம்போல ஆகியிருக்கிறதா, நட்டின் முனைகளில் உளி வைத்து அடித்த வடு இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூவில் நம் கடைகளில் விற்கும் சாதாரண ஸ்டார் திருப்புளி சரியாக உட்காராது. அழுத்தாமல் திருப்பினால் மேலே ஏறி வந்து தலையைத் தின்றுவிடும். தலை போன ஸ்க்ரூவை உளியால் தட்டித்தான் எடுத்திருப்பார்கள். அதாவது, சரியான கருவி இல்லாமல் அவசரத்தில் திறந்திருக்கிறார்கள். திறக்கும்போதே இப்படி என்றால் உள்ளே செய்த வேலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நுணுக்கம். ஒரே மூடியில் இருந்தாலும் ஸ்க்ரூக்களின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டு முறுக்கினால் அடியில் முட்டி கேஸிங் விரிசல் விடும். குட்டையானதை நீளமான ஓட்டையில் போட்டால் நாலே மரையில் தொங்கிக்கொண்டிருந்து ஒருநாள் உருவிக்கொண்டு வரும். இன்ஜின் கேஸிங் அலுமினியம், போல்ட் இரும்பு. சண்டை வந்தால் தோற்பது எப்போதும் அலுமினியம்தான். ஒரு ஸ்க்ரூ தலை மட்டும் மூடியில் படியாமல் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால் இந்தக் குழப்பம் நடந்திருக்கலாம்.

கீழே குனிந்து டிரெயின் போல்ட்டைப் பார்க்கச் சொல்லவே வேண்டாம். அங்கே பெயின்ட் அடித்திருந்தால் எழுந்து வந்துவிடலாம் என்பது என் சொந்தப் பாடம். அந்த இடத்துக்குப் பெயின்ட் அடிக்க நேர்மையான காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பசை வேலை

மூடிகளின் ஓரத்தில் ஆரஞ்சு, கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் பசை பிதுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். நம்மூர் மெக்கானிக்குகள் எல்லாவற்றையும் பொதுவாக அனபாண்ட் என்பார்கள். பசை போடுவதே தவறில்லை, சில இடங்களில் போட்டுத்தான் ஆக வேண்டும். மூடிக்கு நடுவே பேப்பர் பேக்கிங் (கசிவைத் தடுக்கும் தாள்) போட வேண்டிய இடத்தில், பேக்கிங் வாங்கச் சோம்பல்பட்டு பசையை மட்டும் தாராளமாகப் பிழிவதுதான் சிக்கல்.

வெளியே எவ்வளவு பிதுங்கியிருக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். உள்ளே இருப்பது ஆயிலில் ஊறி, பிய்ந்து, துண்டு துண்டாக ஆயில் பம்புக்குக் கீழே உள்ள சல்லடையில் போய் அடையும். சல்லடை அடைத்தால் மேலே இன்ஜின் தலைக்கு ஆயில் ஏறாது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் காய்ந்து தேயும். என் வண்டியில் வலப்பக்க மூடியைக் கழற்றியபோது சல்லடையில் பாதியை ஆரஞ்சு நிறப் புழுக்கள் போல ஏதோ மூடியிருந்தது. முதலில் உண்மையாகவே புழு என்றுதான் நினைத்தேன்.

எம்சீல் வேறு ரகம். டேங்க் அடியில், சைலன்சர் வளைவில், கார்புரேட்டர் கிண்ணத்தில், பக்க மூடியின் உடைந்த காதில் என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கும். டேங்க்கின் அடியைத் தடவிப் பாருங்கள். தகடு வழவழப்பாக இருக்கும், எம்சீல் சொரசொரப்பாகக் கட்டி தட்டியிருக்கும். அங்கே அது இருந்தால் டேங்க் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கிறது என்று பொருள். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் துரு தெரியும். டேங்கில் துரு இருந்தால் கார்புரேட்டரையும் யாராவது நாலு தடவை திறந்திருப்பார்கள். பெட்ரோல் அளந்து போகும் ஜெட் ஓட்டையைக் கம்பி விட்டுக் குத்தியிருப்பார்கள், ஓட்டை பெரிதாகியிருக்கும், மைலேஜ் போயிருக்கும். ஒரு ஒட்டுவேலையைக் கண்டால் அதோடு நிற்காதீர்கள். அதன் அண்ணன் தம்பிகள் பக்கத்திலேயே இருப்பார்கள்.

பெட்ரோல் ட்யூபையும் தொட்டுப் பாருங்கள். பெட்ரோலுக்கென்று விற்கும் ட்யூப் வளைத்தால் வளையும். மீன் தொட்டி ட்யூபைப் போட்டிருந்தால் சில மாதத்தில் கட்டையாகி, மஞ்சளித்து, முனையில் வெடித்திருக்கும். சூடான இன்ஜினுக்கு மேலே பெட்ரோல் சொட்டுவதைவிட மோசமான ஒட்டுவேலை வண்டியில் இல்லை.

ஒயரிங்

சீட்டைத் தூக்கச் சொல்லுங்கள். பக்க மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஹெட்லைட் கழற்ற ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது, குப்பையெல்லாம் அதற்குள்தான் கிடக்கும். முன்பிருந்தவரின் குணம் ஒயரிங்கில் தெரிவதுபோல வேறெங்கும் தெரியாது.

கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய முடிச்சுகளை எண்ணுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் மன்னிக்கலாம். பத்து இருந்தால் வண்டியைவிட டேப்புக்குத்தான் மதிப்பு அதிகம். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, வெயில் காலத்தில் பசை உருகி வழிந்து திறந்துகொள்ளும், ஐப்பசி மழையில் தண்ணீர் குடித்துப் பச்சையாகப் பூக்கும். நம் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் தாமிரம் இன்னும் சீக்கிரம் அரித்துப்போகும்.

நிறமும் பேசும். ஹோண்டா வழி வந்த வண்டிகளில் பச்சை ஒயர் எர்த். அப்படியொரு வண்டியில் பச்சையோடு சிவப்பு ஒயரை முறுக்கிவிட்டிருந்தால், அந்தச் சிவப்பு வீட்டு வயரிங்கில் மிஞ்சியதாக இருக்கலாம். அடுத்து ஃபியூஸ் பெட்டி. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தாமிர இழையோ சிகரெட் பெட்டித் தாளோ இருந்தால், எங்கோ ஷார்ட் ஆகி ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போயிருக்கிறது. ஷார்ட்டைத் தேடாமல் ஃபியூஸை ஒழித்துக்கட்டிவிட்டார்கள். இனி ஷார்ட் ஆனால் எரிவது ஒயரிங் முழுவதும்.

2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் தானாக எரிந்துகொண்டே இருக்கும். எதிரே வருகிறவர்கள் பகலில் கையை மூடித் திறந்து காட்டுவதால் எரிச்சலாகி, ஹேண்டில்பாரில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்து அதை அணைத்துவிடும் பழக்கம் இங்கே உண்டு. அந்தச் சுவிட்ச் இருந்தால் ஒயரிங்கை எங்கோ வெட்டியிருக்கிறார்கள், வெட்டிய இடத்தைத் தேடுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து வந்த பி.எஸ். 6 (புகை விதி) வண்டி என்றால் இரட்டை எச்சரிக்கை தேவை. இன்ஜக்ஷன் வண்டியில் சென்சார் ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால் ஓரமாக வண்டியை வைத்துத் தட்டிப் பார்த்துச் சரிசெய்ய முடியாது.

மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியில் வையுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.5-க்கு மேல் காட்டும். ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பொதுவாக 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சார்ஜிங் இல்லை, "பேட்டரி புதுசு சார்" என்று அவர் பெருமையாகச் சொல்வதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

விழுந்து எழுந்த வண்டி

முன் ஃபோர்க்கை முன்பக்கமிருந்தும் பக்கவாட்டிலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். இரண்டு குழாயும் இணையாகப் போக வேண்டும். ஃபோர்க்கை பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்துவது வழக்கம்தான், ஆனால் மடிந்த இடத்தில் குரோம் நுண்ணியதாக வெடித்து, ஆயில் சீலை அரித்துக்கொண்டே இருக்கும். வெள்ளைத் துணியால் குழாயைத் துடையுங்கள். இப்போதுதான் துடைத்து வைத்திருந்தாலும் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பத்துத் தடவை அழுத்தினால் ஆயில் வளையம் தெரிந்துவிடும்.

ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினால் வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) ஒரு இடத்தில் போய் முட்டும். அந்த முட்டு நசுங்கியிருந்தாலோ புதிதாக வெல்டு வைத்திருந்தாலோ பலமாக விழுந்த வண்டி. டேங்க் அடியில், கழுத்துப் பகுதியில் பெயின்ட் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்றும் டார்ச் அடியுங்கள். சட்டத்தில் வெல்டிங் இருந்தால் நான் பேச்சை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுந்தது போல நின்றால் ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. அது பெரிய குற்றமில்லை, மாற்றிக்கொள்ளலாம்.

நூல் எதற்கு என்றால், பின் டயரின் இரு பக்கமும் தொட்டபடி முன் சக்கரம் வரை தரைக்கு இணையாக நூலை இழுத்துப் பிடியுங்கள். ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது முன் டயருக்கு இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் விலகினால் முதலில் செயின் அட்ஜஸ்டரின் இரு பக்கக் கோடுகளைப் பாருங்கள். கோடுகள் சமமாக இருந்தும் நூல் விலகினால் சட்டத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

பிரேக்கும் சக்கரமும்

டிரம் பிரேக்கில் பலருக்குத் தெரியாத ஒரு தில்லுமுல்லு உண்டு. டிரம்முக்கு வெளியே சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அந்த அம்பு தட்டில் உள்ள குறியைத் தொட்டால் பிரேக் ஷூ முடிந்தது. ஷூ மாற்றாமல் காலம் தள்ள, லீவரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். பிடிப்பு திரும்பி வந்ததுபோலத் தெரியும். ஷாஃப்ட்டிலும் லீவரிலும் ஒரு சின்னப் புள்ளியோ கோடோ இருக்கும், இரண்டும் நேருக்கு நேர் நிற்கிறதா பாருங்கள். தள்ளி மாட்டியிருந்தால், ஷூ மேலும் தேய்ந்த ஒருநாள் உள்ளே ஷூவை விரிக்கும் கேம் அளவுக்கு மீறித் திரும்பி அப்படியே மாட்டிக்கொள்ளும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். புதுச்சேரி எல்லையில் முள்ளோடை தாண்டி லாரிகளுக்கு நடுவே அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

டிஸ்க் பிரேக் என்றால் மேலே உள்ள கிண்ணத்தில் திரவத்தின் நிறம் பாருங்கள். தேன் நிறம் சரி, காப்பி நிறம் ஆகாது. மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். அதில் வேறு எண்ணெயை ஊற்றியிருந்தால் உள்ளே ரப்பர் உப்பி பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

செயினின் இரு முனையை இணைக்கும் லாக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டியிருந்தால் போகிற போக்கில் கழன்று விழும். ஸ்பிராக்கெட் பற்கள் கொக்கிபோல வளைந்திருக்க செயின் மட்டும் புதிதாக இருந்தால் காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள், செயினும் சீக்கிரம் போகும். பின் சக்கரத்துக்குள் செயின் இழுப்பின் அதிர்வைத் தாங்கும் கப்ளிங் ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் ட்யூபை வெட்டித் திணித்திருப்பதை நான் இரண்டு வண்டியில் பார்த்துவிட்டேன். கழற்றாமல் அறிய, பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்பிராக்கெட்டை மட்டும் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அதிகம் ஆடினால் உள்ளே ரப்பர் சரியில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது.

இன்ஜின் சத்தம்

இதைப் பற்றி ஆளாளுக்கு நிறையச் சொல்வார்கள், அதனால் சுருக்கமாக. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். இரைச்சலை அடக்க கெட்டியான ஆயிலை ஊற்றி விற்கும் வழக்கம் இருக்கிறது. ஆயில் குச்சியை எடுத்துச் சொட்ட விடுங்கள், தேன்போல இழுத்தால் கேள்வி கேளுங்கள். "போன மாசம்தான் இன்ஜின் ஒர்க் பண்ணேன்" என்று யாராவது சொன்னால் மகிழ்ச்சி அடையாதீர்கள். எந்தப் பட்டறை, என்ன மாற்றினார்கள், பில் எங்கே என்று கேளுங்கள். நல்ல கையால் பிரித்த இன்ஜின் பிரிக்காததற்குச் சமம். மற்றக் கையால் பிரித்தது அப்படியல்ல.

தண்ணீரில் நின்ற வண்டி

இது நம் ஊருக்கே உரிய பாடம். 2015 மழையில் கடலூரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்து தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூரின் கரையோரப் பகுதிகளையும் மூழ்கடித்தது. அன்று சீட் வரை நின்ற வண்டிகளெல்லாம் எங்கேயும் போய்விடவில்லை, கழுவித் துடைத்து ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றில் சில விற்பனைக்கும் வந்திருக்கும்.

கண்டுபிடிக்க, கழுவ மறக்கும் இடங்களைப் பாருங்கள்: ஹெட்லைட் கிண்ணத்தின் உட்புறம், ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலை, மீட்டர் கண்ணாடிக்குள், சீட்டின் அடியில் உள்ள நுரை. மெல்லிய வண்டல் கோடு ஒன்று இருக்கும். ஆயில் குச்சியில் பால் டீ நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஆயில் மாற்றாமல் ஸ்டார்ட் செய்திருந்தால் பேரிங் சத்தம் பின்னாலேயே வரும். தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய ஊர் வண்டியாக இருந்தால் துருவுக்கென்று தனியாக ஒரு சுற்றுப் பாருங்கள். அடிப்பக்கத்தில் துருத் தடுப்புப் பூச்சான அண்டர்கோட்டிங் புதிதாக அடித்திருந்தால் அதை விரல் முட்டியால் தட்டினால் போதும், தகடு இருக்கிறதா துரு இருக்கிறதா என்று சத்தம் சொல்லும்.

ஆர்.சி., சேஸ் எண், இன்ஜின் எண் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சேஸ் எண் இருக்கும் இடம் சுரண்டியோ பெயின்ட் அடித்தோ இருந்தால் விட்டுவிடுங்கள். புதுச்சேரி வண்டியைக் கடலூருக்கு மாற்றுவதென்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, பெயர் மாற்றத்துக்கு 29, 30 வேண்டும். கடன் இருந்த வண்டி என்றால் 35-உம் சேரும். 12 மாதத்துக்கு மேல் இங்கேயே ஓட்டினால் இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

வாங்கிய பிறகு

எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் போடாதீர்கள். நான் அப்படிச் செய்து மூன்று வாரம் பஸ்ஸில் போனேன். முதலில் பிரேக், டயர், செயின் கிளிப், பெட்ரோல் ட்யூப். இவை காத்திருக்காது. அடுத்து ஃபியூஸ், பேட்டரி ஒயர். அப்புறம் ஆயில், சல்லடை. சத்தம், பெயின்ட், அழகு எல்லாம் கடைசியில்.

மரை போன இடங்களை நீங்களே பெரிய போல்ட் போட்டு முறுக்காதீர்கள். லேத் பட்டறையில் கொடுத்தால் ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை போட்டு, புஷ் இறக்கித் தருவார்கள். என் டிரெயின் ஓட்டைக்கு அப்படித்தான் செய்தேன், இன்றுவரை ஒரு சொட்டு வடியவில்லை. மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது "எல்லாம் பாருங்கண்ணே" என்று சொல்லாமல் எங்கெங்கே ஒட்டுவேலை இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த பி.ஒய். 01 வண்டியை இப்போது விற்கலாம் என்றிருக்கிறேன். பின்பக்க இடது இண்டிகேட்டர் ஒயரில் டேப் சுற்றிய ஒரு முடிச்சு இருக்கிறது. மழையில், தவளக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் நின்று, பல்லால் ஒயரைக் கடித்து நானே போட்டது. சரியாகச் செய்ய வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.